தினம் ஒரு வார்த்தைப் புதிர்: தப்பா போட்டா எந்த கேம் என்ன திருப்பித் தருது?

வேர்டில், கனெக்‌ஷன்ஸ், ஸ்பெல்லிங் பீ, ஸ்ட்ராண்ட்ஸ், குவார்டில், செமான்டில், கான்டெக்ஸ்டோ, போதாக்குறைக்கு லிங்க்டுஇன்ல வேற பின்பாயிண்ட், கிராஸ்கிளைம்ப்னு தினம் ஒண்ணு வர்ற வார்த்தைப் புதிர் கேம்ஸ் எக்கச்சக்கமா ஆயிடுச்சு. எதை ஆடலாம்னு பேச்சு வந்தாலே உடனே எது கஷ்டம் எது ஈஸின்னுதான் போகும். எனக்கென்னவோ அந்தக் கணக்கு சரிப்பட்டு வரல, ஒருத்தர் மண்டையை உடைச்சுக்கற கேமை இன்னொருத்தர் டீ ஆறறதுக்குள்ள முடிச்சிட்டுப் போயிடுவாங்க. நான் பாக்கறது வேற ஒரு விஷயம். நீங்க ஒரு தப்பான பதிலை உள்ள போட்டதும் கேம் உங்ககிட்ட என்ன சொல்லுது? நிறைய சொல்லுதா, கொஞ்சமா, ஒண்ணுமே சொல்லாம ஒரு லைஃபை மட்டும் புடுங்கிக்குதா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே ஒவ்வொரு கேமோட குணமும் தெரிஞ்சிடும், எதுல உக்காந்து யோசிக்கணும் எதுல தைரியமா அடிச்சு விடலாம்னும் புரிஞ்சிடும்.

வேர்டில்ல இருந்தே ஆரம்பிப்போம், இந்த அலையைக் கிளப்பினதே அதுதான். அஞ்செழுத்து இங்கிலீஷ் வார்த்தை, ஆறு சான்ஸ், எழுத்து சரியான இடத்துல இருந்தா பச்சை, இருக்கு ஆனா இடம் மாறியிருந்தா மஞ்சள், இல்லவே இல்லன்னா சாம்பல். பண்ணினவர் ஜாஷ் வார்டில், வேல்ஸ்ல பொறந்து நியூயார்க் புரூக்ளின்ல இருந்த சாஃப்ட்வேர் இன்ஜினியர், அதுக்கு முன்னாடி ரெட்டிட்ல வேலை பாத்தப்போ லட்சக்கணக்கான பேர் சேர்ந்து ஒரே பலகைல கலர் கட்டம் வெச்சு விளையாடின 'பிளேஸ்' மாதிரி விஷயங்களைப் பண்ணினவரும் இவரேதான். வேர்டிலோட முதல் மாதிரியை 2013-லயே செஞ்சிட்டார், அப்ப எடுபடல. அப்புறம் கொரோனா காலத்துல அவரோட பார்ட்னர் பலக் ஷாவுக்கு வார்த்தை கேம்ஸ் பிடிக்கும்னு திரும்ப எடுத்து மெருகேத்தி 2021 அக்டோபர்ல பொதுவா திறந்து விட்டார். நவம்பர் 1 அன்னைக்கு ஆடினது 90 பேர். 2022 ஜனவரி 2 அன்னைக்கு 3 லட்சம் பேர். அந்த மாசக் கடைசி நாள் நியூயார்க் டைம்ஸ் வாங்கிட்டதா அறிவிப்பு, விலை பத்து லட்சம் டாலருக்கு மேலன்னு மட்டும் சொன்னாங்க.

இதுல பலக் ஷா பண்ணின வேலையைப் பத்திப் பெருசா யாரும் பேசறதில்ல, ஆனா என்னைக் கேட்டா கேமோட உயிரே அதுலதான் இருக்கு. இங்கிலீஷ்ல அஞ்செழுத்து வார்த்தை ஏறக்குறைய 12,000 இருக்கு, அதுல பாதிக்கு மேல சாதாரண ஆளு ஜென்மத்துல கேட்டிருக்க மாட்டான். அவங்க ஒவ்வொண்ணா பாத்து, தெரியும், தெரியாது, தெரிஞ்ச மாதிரி இருக்குன்னு பிரிச்சாங்க. அப்படி வடிகட்டித்தான் பதிலா வரக்கூடிய லிஸ்ட் 2,315 வார்த்தையா சுருங்குச்சு. நீங்க கெஸ்ஸா டைப் பண்ண அந்தப் பெரிய லிஸ்ட்டு மொத்தமும் செல்லும், பதில் மட்டும் அப்ப இந்தச் சின்ன லிஸ்ட்டுல இருந்துதான் வந்துச்சு. தோத்துட்டு பதிலைப் பாக்கும்போது 'அட இதைப் போய் விட்டுட்டோமே'ன்னு தோணணும், 'இதெல்லாம் ஒரு வார்த்தையா'ன்னு தோணினா மறுநாள் யாரும் திரும்பி வர மாட்டாங்க.

இப்ப அந்தக் கேள்விக்கு வருவோம், தப்பான கெஸ் என்ன தருது? வேர்டில்ல ரொம்ப நிறைய. ஒவ்வொரு கட்டத்துக்கும் மூணு கலர், அஞ்சு கட்டம், அப்ப 243 விதமான பதில் வரலாம் (நாலு பச்சையும் ஒரு மஞ்சளும் வரவே முடியாதுங்கறதால உண்மையில 238). இதோட தாத்தான்னு சொல்லக்கூடிய ஜாட்டோன்னு ஒரு கேம் 1955-லயே வந்தது, அதுலயும் அஞ்செழுத்து ரகசிய வார்த்தைதான், ஆனா எத்தனை எழுத்து பொருந்துதுன்னு ஒரே ஒரு நம்பர் மட்டும் சொல்வாங்க, எந்த எழுத்து எந்த இடம்னு மூச்சு விட மாட்டாங்க. பேப்பரும் பென்சிலும் வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டணும். 1987-ல அமெரிக்க டிவில வந்த லிங்கோ கலர் காட்டுச்சு, ஆனா அது நேரம் வெச்சு ரெண்டு டீம் மோதற நிகழ்ச்சி. வேர்டில் அந்தக் கலரை எடுத்துக்கிட்டு கடிகாரத்தைத் தூக்கி எறிஞ்சிடுச்சு, பதில்ல இவ்வளவு தகவல் கெடைக்கும்போது அதை ஜீரணிக்க நேரமும் கெடைக்குது. பொறுமையா ஆடறவங்களுக்கு அது போதும்.

எவ்வளவு தகவல்னா, முதல் கெஸ்ஸா ரெய்ஸ், அதாவது ஆர்-ஏ-ஐ-எஸ்-இ, இதைப் போட்டா பழைய 2,315 லிஸ்ட்டுல சராசரியா 61 வார்த்தைதான் மிச்சம் நிக்கும். ஒரே கெஸ்ல. 2022 தொடக்கத்துல கணக்கு சேனல் நடத்தற கிரான்ட் சாண்டர்சன் இதைத் தகவல் கோட்பாடு வெச்சு விளக்கி ஒரு வீடியோ போட்டார், அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்ல எல்லா வழியையும் அலசிப் பாத்தவங்க சாலட்னு ஒரு வார்த்தையை, எஸ்-ஏ-எல்-இ-டி, முதல்ல போட்டுத் துல்லியமா ஆடினா சராசரி 3.42 கெஸ்ல முடிக்கலாம்னு கணக்குப் போட்டுட்டாங்க. மனுஷன் நாலுல முடிச்சா நல்லாவே ஆடறான்னு அர்த்தம். எப்பவாவது ரெண்டுல அடிச்சா அது அதிர்ஷ்டம், சந்தோஷப்படுங்க, ஆனா திறமைன்னு ஊரைக் கூட்டாதீங்க.

ஆனா இவ்வளவு தாராளமா தர்ற கேமே ஒரு இடத்துல கஞ்சத்தனம் பண்ணும். முதல் ரெண்டு கெஸ்ஸையும் சேர்த்துப் பாத்தா கடைசி நாலு கட்டம் ஐ-ஜி-எச்-டின்னு பச்சையா வந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க, பாக்க அமோகமா இருக்கும். இப்ப என்ன பதிலா இருக்கலாம்? எய்ட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட். எட்டு வார்த்தை, கைல நாலு சான்ஸ். ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே போனா ஒவ்வொரு தப்பும் ஒரே ஒரு வார்த்தையைத்தான் கழிக்கும், பாதி நேரம் தோத்துடுவீங்க. இங்க செய்ய வேண்டியது பதிலை விட்டுட்டு வேற ஒரு வார்த்தையை வேணும்னே தப்பா போடறது, உதாரணமா ஃபிலிம்ஸ். அதுல எஃப், எல், எம், எஸ் நாலும் ஒரே வீச்சுல சோதிச்சாச்சு. அதுல ஒண்ணு பச்சையோ மஞ்சளோ ஆச்சுன்னா பதில் கைல, எதுவும் ஆகலன்னா மிச்சம் நாலு வார்த்தைக்கு இன்னும் மூணு சான்ஸ் இருக்கு, அதுலயும் இதே தந்திரத்தைத் திரும்ப ஓட்டலாம். ஹார்ட் மோடுல இதுக்கு வழியே இல்ல, தெரிஞ்ச எழுத்தை அந்தந்த இடத்துல போட்டே ஆகணும். அதனாலதான் ஹார்ட் மோடு ஆடறவங்க ஸ்ட்ரீக் உடைஞ்ச கதையைக் கேட்டீங்கன்னா பெரும்பாலும் இந்த மாதிரி வால் ஒரே மாதிரி இருக்கற வார்த்தைக் கூட்டத்துலதான் உடைஞ்சிருக்கும்.

அந்தக் கலர் கட்டத்தை எமோஜியா ஷேர் பண்றது ஆரம்பத்துல கேம்லயே கெடையாது. ஆடறவங்க தாங்களே கையால எமோஜி அடிச்சுப் போட்டுக்கிட்டிருந்ததைப் பாத்துட்டு 2021 டிசம்பர்ல வார்டில் அதை ஒரு பட்டனா வெச்சார். பதிலைக் காட்டாது, நீங்க பட்ட பாட்டை மட்டும் காட்டும். ஒரு நாளைக்கு ஒண்ணுதான், எல்லாருக்கும் அதே வார்த்தைதாங்கறது இதோட சேர்ந்ததாலதான் இவ்வளவு வேகமா பரவுச்சு. 'எல்லாருக்கும் ஒண்ணே'ங்கறது எவ்வளவு முக்கியம்னு 2022 பிப்ரவரி 15-ம் தேதி தெரிஞ்சுது. டைம்ஸ் கைக்குப் போனதும் சில வார்த்தைகளை லிஸ்ட்டுல இருந்து தூக்கினாங்க, அன்னைக்குப் பழைய பக்கத்தையே திறந்து வெச்சிருந்தவங்களுக்கு அகோரான்னு பதில், புதுசா திறந்தவங்களுக்கு அரோமா. ஒரே நாள், ரெண்டு பதில். அன்னைக்கு வந்த சலசலப்பு ஒரு வார்த்தை கேமுக்கு ஓவர்தான், ஆனா பக்கத்து சீட்டுக்காரர் ஆடினதும் நம்ம ஆடினதும் வேற வேறன்னா அப்புறம் ரெண்டு பேரும் எதைப் பத்திப் பேசறது?

வேர்டில் குடும்பத்துப் பிள்ளைங்க நிறைய. டோர்டில்ல ரெண்டு வார்த்தையை ஒரே நேரத்துல கண்டுபிடிக்கணும், ஏழு சான்ஸ். குவார்டில்ல நாலு வார்த்தை, ஒன்பது சான்ஸ். ஆக்டோர்டில்ல எட்டு, பதிமூணு சான்ஸ். டுயோட்ரிகோர்டில்னு ஒண்ணு இருக்கு, 32 வார்த்தை, 37 சான்ஸ். கவனிச்சீங்கன்னா எல்லாத்துலயும் வார்த்தை எண்ணிக்கையோட அஞ்சைக் கூட்டினா சான்ஸ் வந்துடும், வேர்டிலும் அப்படித்தான், ஒண்ணும் அஞ்சும் ஆறு. ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு தடவை சரியா போட்டே ஆகணும், அதனால அலசிப் பாக்கறதுக்குன்னு மிச்சம் கெடைக்கறது எப்பவுமே அஞ்சுதான். ஆனா நீங்க போடற ஒரே கெஸ் எல்லாப் பலகையிலயும் ஒரே நேரத்துல திருத்தப்படுதுங்கறதால ஒரு பலகைல தப்பானது இன்னொரு பலகைல பாதி பதிலைக் குடுத்திருக்கும். குவார்டில் பயமுறுத்தற மாதிரி தெரிஞ்சாலும் பழகினவங்க அதைத்தான் விரும்பறதுக்குக் காரணம் இதுதான், வேர்டில்ல சில நாள் வெறும் அதிர்ஷ்டத்துல முடிஞ்சிடும், இதுல திட்டம் போட்டு ஆடினவங்களுக்கு அதுக்கான பலன் கெடைக்கும். 2023-ல குவார்டிலை மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்காரங்க வாங்கிட்டாங்க.

இன்னொரு குறும்புக்காரப் பிள்ளை அப்சர்டில். இதுல ரகசிய வார்த்தைன்னு ஒண்ணு முதல்ல கெடையவே கெடையாது. நீங்க கெஸ் போட்டதும், எந்தப் பதிலைச் சொன்னா லிஸ்ட்டுல அதிகமா வார்த்தை மிச்சமிருக்குமோ அந்தப் பதிலைத்தான் அது சொல்லும், ஆரம்பத்துல பெரும்பாலும் முழுக்கச் சாம்பல். நழுவி நழுவி ஓடறதை மூலைல தள்ளி வேற வழியே இல்லாம பண்ணணும், எவ்வளவு கெட்டிக்காரத்தனமா ஆடினாலும் நாலு கெஸ்ஸுக்குக் கொறைஞ்சு முடிக்க முடியாது. தினமும் ஆடத் தேவையில்ல, ஒரு நாலஞ்சு தடவை ஆடிப் பாருங்க, வேர்டில் உங்களுக்கு எவ்வளவு கருணை காட்டுதுன்னு புரியும்.

கனெக்‌ஷன்ஸ் இதுக்கு நேர் எதிர் பக்கம். 2023 ஜூன்ல டைம்ஸ் விட்டாங்க, எடிட்டர் வைனா லியூ. 16 வார்த்தை, நாலு நாலா நாலு கூட்டமா பிரிக்கணும், மஞ்சள் ஈஸி, பச்சை, நீலம், கடைசியா ஊதா ரொம்பக் குசும்பு. நாலு தப்புப் பண்ணினா ஆட்டம் முடிஞ்சுது. 16-ல இருந்து நாலைத் தேர்ந்தெடுக்க 1,820 வழி இருக்கு, நீங்க தப்பா போட்டீங்கன்னா மூணு சரியா இருந்தா மட்டும் 'இன்னும் ஒண்ணுதான்'னு சொல்லும், மத்தபடி வாயைத் திறக்காது. ரெண்டு சரியா ரெண்டு தப்பா இருந்தாலும் ஒண்ணுதான், நாலும் நாலு திசைல இருந்தாலும் ஒண்ணுதான். அப்ப இங்க கெஸ் பண்ணித் தெரிஞ்சுக்கற வேலையே ஆகாது, விரல் வைக்கறதுக்கு முன்னாடியே முழுசா யோசிச்சு முடிச்சிருக்கணும்.

நம்ம மொழியிலயே ஒரு பலகை போட்டுப் பாத்தா நல்லா புரியும். இதோ 16 வார்த்தை: ஆடி, ஓடு, நரி, தை, பாடு, மாசி, கதவு, ஆடு, எழுது, ஐப்பசி, படி, குதிரை, சிரி, தூண், ஆவணி, மாடு. பாத்ததும் மாசம்தான் கண்ணுல படும், ஆடி, தை, மாசி, ஐப்பசி, ஆவணி. எண்ணிப் பாருங்க, அஞ்சு இருக்கு. கூட்டத்துக்கு நாலுதான், அப்ப ஒண்ணு திருட்டு மாசம். அவசரக்காரங்க ஏதோ நாலைத் தட்டி 'இன்னும் ஒண்ணுதான்' வாங்கிட்டு அடுத்த நாலைத் தட்டி ரெண்டு உயிரை விட்டிருப்பாங்க. கட்டளையா சொல்ற வார்த்தைங்க எத்தனைன்னு பாத்தா இன்னும் மோசம், ஓடு, தை, பாடு, ஆடு, எழுது, படி, சிரி, ஏழு. இங்கதான் எதுல கூட்டம் மிதமிஞ்சி இருக்கோ அதை விட்டுட்டு எதுல சரியா நாலே நாலு இருக்கோ அங்க போகணும். மிருகம்னு பாத்தா நரி, குதிரை, மாடு, ஆடு, அஞ்சாவது கெடையாது, அப்ப ஆடு அங்கதான் போயாகணும். வீட்டோட பகுதின்னு பாத்தா கதவு, தூண், படி, ஓடு, அங்கயும் நாலேதான். இப்ப கட்டளைல மிச்சம் பாடு, எழுது, சிரி, தை. திருட்டு மாசம் தைன்னு தானா வெளிய வந்துடுச்சு, கெஸ்ஸே பண்ணாம. கனெக்‌ஷன்ஸ் எடிட்டரோட வேலை முழுக்க இந்த அஞ்சாவது மாசத்தை நடறதுதான். வார்த்தை அறிவு எவ்வளவு இருந்தாலும் அந்த வலைல விழாம இருக்கற நிதானம் வேணும்.

இந்த வடிவம் டைம்ஸ் கண்டுபிடிச்சது இல்ல. பிபிசில 2008-ல இருந்து வர்ற ஒன்லி கனெக்ட் நிகழ்ச்சில 16 கட்டச் சுவர்னு அச்சு அசலா இதே சுற்று இருக்கு, அந்த நிகழ்ச்சியை நடத்தற விக்டோரியா கோரன் மிட்செல் 2023-ல அதை வெளிப்படையாவே சுட்டிக்காட்டினாங்க. இதைச் சொல்லக் காரணம் இருக்கு, 2024 மார்ச்ல டைம்ஸ் வேர்டில் மாதிரி செஞ்சவங்க பலருக்குப் பதிப்புரிமை நோட்டீஸ் அனுப்பி நிறைய குளோன்களைத் தூக்க வெச்சாங்க. ஜாட்டோவும் லிங்கோவும் இருந்த ஊர்ல பச்சை மஞ்சள் கட்டத்துக்குச் சொந்தம் கொண்டாடறது கொஞ்சம் அதிகப்படியாத்தான் எனக்குத் தெரியுது, சட்டப்படி எப்படியோ.

கனெக்‌ஷன்ஸ்ல வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு உபத்திரவம் உண்டு. அமெரிக்க பேஸ்பால் டீம், அங்க விக்கற சாமான் பிராண்டு, பழைய டிவி ஷோ இதெல்லாம் கூட்டமா வரும். வேர்டில்ல இங்கிலீஷ் தெரிஞ்சாப் போதும், இதுல அமெரிக்கா தெரிஞ்சிருக்கணும். ஊதா கூட்டம் பெரும்பாலும் 'இந்த நாலுக்கு முன்னாடி ஒரே வார்த்தையைச் சேர்த்தா என்ன வரும்' மாதிரி, அதுல அங்கேயே வளர்ந்தவங்களுக்கு ஒரு கை கூடுதல். மத்தவங்க மூணு கூட்டத்தைக் கண்டுபிடிச்சு நாலாவது தானா விழறதுதான் வழக்கம், அதுல ஒண்ணும் வெக்கப்பட வேண்டியதில்ல. இவ்வளவு இருந்தும் 2023-ல வேர்டில் 480 கோடி தடவை ஆடப்பட்டதுன்னா, வருஷத்துல பாதிதான் இருந்த கனெக்‌ஷன்ஸ் 230 கோடி தடவை ஆடப்பட்டிருக்கு.

ஸ்பெல்லிங் பீல தப்புக்குத் தண்டனையும் இல்ல, தகவலும் இல்ல. தேன்கூடு மாதிரி ஏழு எழுத்து, நடு எழுத்து கண்டிப்பா வரணும், கொறைஞ்சது நாலு எழுத்து வார்த்தை, ஒரே எழுத்தை எத்தனை தடவை வேணா போடலாம். நாலெழுத்துக்கு ஒரு பாயிண்ட், அதுக்கு மேல எழுத்துக்கு ஒண்ணு, ஏழு எழுத்தும் வர்ற பேன்கிராம் கெடைச்சா மேல ஏழு போனஸ். மொத்தப் பாயிண்ட்டுல 70 சதவீதம் எடுத்தா ஜீனியஸ், அத்தனை வார்த்தையும் கண்டுபிடிச்சா குயின் பீ. 2014-ல டைம்ஸோட பத்திரிகைப் பக்கத்துல ஃபிராங்க் லாங்கோ போட ஆரம்பிச்சது, 2018-ல ஆன்லைனுக்கு வந்து சாம் எசர்ஸ்கி கைக்குப் போச்சு. எஸ் எழுத்தைக் கிட்டத்தட்ட போடவே மாட்டாங்க, போட்டா எல்லாத்தையும் பன்மையாக்கியே ஸ்கோரை ஏத்திடலாம்.

இதுல நீங்க மோதறது எழுத்தோட இல்லீங்க, எடிட்டரோட ரசனையோட. அகராதில இருக்கும், நீங்க தினம் பேசற வார்த்தையாவும் இருக்கும், போட்டா 'லிஸ்ட்டுல இல்ல'ன்னு வரும். செடி கொடி பேரு, சமையல் சொல்லு, அறிவியல் சொல்லு எதெல்லாம் 'எல்லாருக்கும் தெரிஞ்சது', எதெல்லாம் 'ரொம்பத் தனித்துறை'ன்னு ஒருத்தர் முடிவு பண்றார், அவருக்குத் தெரியாத உலகத்துல வாழறவங்களுக்குக் கடுப்பாகாம என்ன ஆகும். அந்தக் கடுப்பே ஆடறவங்களை ஒண்ணு சேத்து வெச்சிருக்குங்கறதும் உண்மை. நாள் முழுக்க ஃபோனைத் திறக்கும்போதெல்லாம் ஒண்ணு ரெண்டு வார்த்தை போடற கேம் இது, மூணு நிமிஷத்துல முடிச்சிட்டுப் போற ஆளுங்களுக்கு ஒத்து வராது. முழுசா ஆட சந்தா கட்டணும், இலவசமா கொஞ்ச தூரம்தான் விடுவாங்க.

ஸ்ட்ராண்ட்ஸ் 2024 மார்ச்ல வந்தது, வேர்டில் எடிட்டரான டிரேசி பென்னட்தான் இதுக்கும். ஆறுக்கு எட்டு கட்டத்துல 48 எழுத்து, ஒரு தலைப்புக் குறிப்பு, அதுக்குப் பொருந்தற வார்த்தைகளை எழுத்தைத் தொட்டுத் தொட்டு இழுத்துப் பிடிக்கணும், ஒரு எழுத்துகூட மிச்சமாகாம பலகை நிறையணும். ஸ்பேன்கிராம்னு ஒண்ணு பலகையோட ஒரு ஓரத்துல இருந்து எதிர் ஓரம் வரைக்கும் ஓடும், அதுதான் தலைப்போட உண்மையான அர்த்தம். இதுல எனக்குப் பிடிச்சது தப்பை நடத்தற விதம்தான். தலைப்புக்குச் சம்பந்தமில்லாத ஆனா சரியான வார்த்தை மூணு கண்டுபிடிச்சா ஒரு ஹின்ட் கெடைக்கும். அதாவது தப்பு உங்க கணக்குல சேமிப்பாகுது. தோக்கறதுன்னு ஒண்ணு இதுல கெடையாது, அதனாலயே சிலருக்கு சப்புன்னு இருக்கும், எனக்கும் பல நாள் அப்படித்தான்.

செமான்டில், கான்டெக்ஸ்டோ ரெண்டும் தனி ஜாதி, எழுத்தைப் பத்திக் கவலையே இல்ல, அர்த்தம் மட்டும்தான். செமான்டில்ல நீங்க ஒரு வார்த்தை போட்டா ரகசிய வார்த்தைக்கு அது அர்த்தத்துல எவ்வளவு நெருக்கம்னு ஒரு ஸ்கோர் தரும், கான்டெக்ஸ்டோல அதே விஷயம் வரிசை எண்ணா வரும், ஒண்ணுன்னு வந்தா பதில். எத்தனை தடவை வேணா போடலாம். இதுக்குப் பின்னாடி இருக்கறது ஒவ்வொரு வார்த்தையையும் நூத்துக்கணக்கான எண் கொண்ட ஒரு புள்ளியா மாத்தி வெச்சிருக்கற மாடல், செமான்டில் எடுத்துக்கிட்டது கூகுள் நியூஸ் செய்தியை வெச்சுப் பழக்கின வேர்ட்-டு-வெக். அந்த மாடலுக்கு அர்த்தம்னா என்னன்னே தெரியாது, எந்த வார்த்தை எந்த வார்த்தைகளுக்கு நடுவுல வருதுங்கறது மட்டும்தான் தெரியும். அதனால 'சூடு'க்கு 'குளிர்' ரொம்பக் கிட்டன்னு சொல்லும், ரெண்டும் ஒரே மாதிரி வாக்கியத்துலதானே வருது, தண்ணி சூடா இருக்கு, தண்ணி குளிரா இருக்கு. புதுசா ஆடறவங்க ஸ்கோர் நல்லா ஏறினதும் அதே அர்த்தமுள்ள வார்த்தையாத் தேடித் தேடி முட்டி மோதுவாங்க, அங்க எதிர்ச்சொல்லைப் போட்டுப் பாக்கணும், அதே சொல்லோட வினை வடிவத்தைப் போட்டுப் பாக்கணும், செய்தித்தாள்ல இது எந்தப் பக்கத்துல வரும்னு யோசிக்கணும். ஒவ்வொரு தப்பும் ஒரு நம்பர் தருது, ஆனா எந்தத் திசைல போகணும்னு சொல்லாது. தூரம் மட்டும் தெரிஞ்சு திசை தெரியாத தேடல், அதனாலதான் அம்பது அறுபது கெஸ் சர்வ சாதாரணம். நேரம் இருக்கற நாள்ல மட்டும் தொடுங்க.

லிங்க்டுஇன் கேம்ஸ் 2024 மே மாசம் வந்தது, அதுல பின்பாயிண்ட்டுல தப்பா சொன்னா அடுத்த க்ளூ திறக்கும், அஞ்சு க்ளூவுக்குள்ள அது எல்லாம் எந்த வகைன்னு சொல்லணும். கிராஸ்கிளைம்ப் ஒவ்வொரு எழுத்தா மாத்தி ஒரு வார்த்தைல இருந்து இன்னொண்ணுக்கு ஏர்றது, லூயிஸ் கரோல் 1877-ல உருவாக்கின ஏணிப் புதிரோட பேரப்பிள்ளை. ரெண்டும் சட்டுன்னு முடியும், பெருசா சொல்ல ஒண்ணுமில்ல.

தமிழ்ல வேர்டில் மாதிரி ஆட முடியுமான்னு அடிக்கடி கேக்கறாங்க, முயற்சிங்களும் வந்திருக்கு, ஆனா இங்கிலீஷ் விதியை அப்படியே எடுத்து வெச்சா கேம் செத்துடும். காரணம் பழையபடி அதேதான், தப்பு என்ன திருப்பித் தருது. இங்கிலீஷ்ல 26 எழுத்து, ஒரு எழுத்து சாம்பல் ஆச்சுன்னா நிறைய கழிஞ்சுது. நம்மகிட்ட 247. 'கு' இல்லன்னு தெரிஞ்சா என்ன பிரயோஜனம், க, கா, கி, கீன்னு மிச்சம் பதினொண்ணு நிக்குதே.

பதில் 'பறவை'ன்னு வெச்சுப்போம், ப, ற, வை, மூணு எழுத்து. நீங்க 'பார்வை'ன்னு போடறீங்க, பா, ர், வை. மூணாவது கட்டம் வை பச்சை, பிரச்சினை இல்ல. முதல் கட்டத்துல பா. பதில்ல இருக்கறது ப. மெய் ஒண்ணேதான், உயிர்தான் வேற, இதுக்கு என்ன கலர்? சாம்பல்னு போட்டா பக்கத்துலயே வந்து நின்னவனை வெளிய தள்ளின மாதிரி ஆயிடும், மஞ்சள்னு போட்டா வேற இடத்துல பா இருக்குன்னு நினைச்சு அலைவாங்க. கொரிய மொழில இந்தப் பிரச்சினைக்கு அசையைத் தனித்தனி எழுத்தா உடைச்சு கட்டத்துல போட்டுத் தீர்த்தாங்க. நம்மளும் ப்-அ-ற்-அ-வ்-ஐன்னு உடைக்கலாம், அப்ப 12 உயிரும் 18 மெய்யுமா 30 சொச்சத்துல முடியும், இங்கிலீஷ் மாதிரியே கச்சிதம். ஆனா யாரு தமிழை அப்படிப் படிக்கறா, மூணு எழுத்து வார்த்தை ஆறு கட்டத்துல சிதறிக் கெடந்தா கண்ணுக்கே ஒட்டாது. என்னோட கட்சி எழுத்தை உடைக்காம கட்டத்தை ரெண்டாப் பிரிக்கறது, மேல் பாதி மெய்க்கு, கீழ் பாதி உயிருக்கு. பா போட்டா மேல் பாதி பச்சை, கீழ் பாதி சாம்பல். 'ர்'க்கு ரெண்டு பாதியும் சாம்பல், ரகரமும் கெடையாது, புள்ளியும் கெடையாதுன்னு ஒரே கட்டத்துல ரெண்டு சேதி. 247 எழுத்து இருந்தும் தகவல் கஞ்சத்தனமாகாது.

கோடு எழுதறவங்க முதல்ல மாட்டறதும் இங்கதான். யூனிகோடுல 'வை' ஒரு எழுத்து கெடையாது, வ தனி, ஐகாரக் குறி தனி, ரெண்டு குறியீடு. இங்கிலீஷ் வேர்டில் கோடை அப்படியே எடுத்து ஓட்டினா 'பறவை' நாலு எழுத்துன்னு எண்ணும், கடைசிக் கட்டத்துல ஐகாரக் குறி மட்டும் அனாதையா நிக்கும்.

அடுத்தது லிஸ்ட். பறவையை, பறவைக்கு, பறவையால, பறவைங்கன்னு ஒரு சொல் வேற்றுமை ஏத்துக்கிட்டே போகும், வினைச்சொல்லா இருந்தா கேக்கவே வேணாம், வந்தான் வந்தாள் வந்தது வந்தாங்கன்னு பெருகிடும். எல்லாத்தையும் பதிலா விட்டா யாராலயும் பிடிக்க முடியாது. இங்கிலீஷ்லயும் எஸ் போட்டுச் சும்மா பன்மையாக்கின வார்த்தையை வேர்டில் பதிலா வைக்கறதில்ல, அதே மாதிரி இங்க பெயர்ச்சொல்லோட அடி வடிவம், வினைன்னா கட்டளை வடிவம், இது ரெண்டை மட்டும் பதிலுக்கு வெச்சுக்கிட்டு, மத்த வடிவத்தையெல்லாம் கெஸ்ஸா போட மட்டும் விடலாம். இன்னொண்ணு, தமிழ்ல சொல் எந்த எழுத்துல ஆரம்பிக்கலாம்னு இலக்கணமே கட்டிப் போட்டிருக்கு, ற, ழ, ள, ண, ன இதெல்லாம் முதல்ல வராது, புள்ளி வெச்ச எழுத்தும் வராது. அப்ப முதல் கட்டத்துல தேட வேண்டியது ரொம்பக் கம்மி, சிக்கல் முழுக்க நடுவுலதான். மூணெழுத்து வார்த்தைன்னா ரொம்பச் சின்னதாப் போயிடும், அஞ்செழுத்துன்னா பாதிக்கு மேல கூட்டுச்சொல்லா வந்து நிக்கும், நாலெழுத்துதான் தோதுன்னு எனக்குப் படுது. ஜ, ஷ, ஸ, ஹ இதையெல்லாம் கீபோர்டுல வைக்கலாமா வேணாமாங்கறது சண்டைக்குரிய சமாச்சாரம், என்னைக் கேட்டா கெஸ்ஸுக்கு வெச்சுட்டு பதிலுக்கு விட்டுடலாம்.